அடுத்த ஜூனில் நோம் பென் போகலாமா? மிஷனரிக் குடும்பம் ஒன்றின் ஆயத்தக் கணக்கு

சகோதரி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும். கணவருக்கு வயது 42, உங்களுக்கு 39. மகன் தொடக்கநிலை 5, மகள் தொடக்கநிலை 2. சிங்கப்பூரின் ஈசூனில் ஏழு ஆண்டுகளாகக் குடியிருக்கும் நான்கறை வீடு; வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) கடன் இன்னும் ஓடுகிறது. கணவரின் அம்மா உங்களோடு இருக்கிறார். உங்கள் தமிழ்ச் சபை அனுப்ப, கம்போடியாவின் தலைநகர் நோம் பென்னில் குறைந்தது நான்கு ஆண்டு ஊழியம். அடுத்த ஜூனில் புறப்பட நினைக்கிறீர்கள். எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வேலை, அந்த ஜூனை மாற்றுவது. அடுத்த ஆண்டு டிசம்பருக்குத் தள்ளுங்கள். உங்கள் அழைப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. தேதியை விமான டிக்கெட்டோ வழியனுப்பு ஆராதனையோ முடிவு செய்யக் கூடாது. எந்த வேலைக்கு அதிக நாள் பிடிக்குமோ அதுதான் முடிவு செய்ய வேண்டும். பணித்தளத்தில் வரும் கஷ்டத்துக்கு ஜெபத்தோடு ஆயத்தமாகிப் போகிறோம். சிங்கப்பூரில் அரைகுறையாக விட்டுவிட்டுப் போன காரியம்தான் இரண்டாம் ஆண்டில் குடும்பத்தைப் பின்னாலிருந்து இழுக்கும்.

மகனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் நாட்காட்டியே அவன் வயதில்தான் இருக்கிறது. ஜூனில் போனால் தொடக்கநிலை 6இன் நடுவில் பிடுங்கி எடுப்பதாகும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் எழுத்துத் தேர்வு செப்டம்பர் கடைசியில், முடிவு நவம்பர் கடைசியில். இன்னும் சில மாதம் பொறுத்தால் கையில் ஒரு முடிவோடு போவான். அது இல்லாமல் போனால் குடி முழுகிவிடாது. உயர்நிலை வகுப்புகளுக்குத் திரும்பி வரும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சு தனியாக ஓர் இடமளிப்புத் தேர்வு நடத்துகிறது; ஆங்கிலமும் கணிதமும் எழுத வேண்டும். உங்கள் மகள் எப்படியும் அந்த வழியில்தான் வருவாள், நான்கு ஆண்டு கழித்துத் திரும்பும்போது அவளுக்கு உயர்நிலைப் பள்ளி வயதாகியிருக்கும். ஆனால் ஆறாம் வகுப்பு முழுக்கத் தேர்வுக்குப் படித்த பிள்ளையைத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்னால் கூட்டிக்கொண்டு போவது அவன் உழைப்பை மதிக்காதது. அந்த வருத்தத்தை அவன் ஊழியத்தின்மேல் வைப்பான். டிசம்பர் சரிப்படவே இல்லையென்றால், இந்த ஆண்டுக் கடைசியிலேயே, தொடக்கநிலை 5 முடிந்த கையோடு, நீங்கள் இருவரில் ஒருவர் பிள்ளைகளோடு முன்னே போகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் ஆண்டில் குடும்பம் பிரிந்திருக்கக் கூடாது.

மகள் படிக்கும் பள்ளியில், இடத்தை விடாமல் விடுப்பு எடுக்கும் ஏற்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். நான்கு ஆண்டுத் திட்டத்துக்கு அதனால் பெரிய பயன் இருக்காது; எதிர்பாராமல் முதல் ஆண்டிலேயே திரும்ப நேர்ந்தால் உதவும்.

அடுத்தது ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவை. 13 வயது ஆன ஆண்பிள்ளை மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க எக்ஸிட் பெர்மிட் வேண்டும். குடிமகனானாலும் நிரந்தரவாசியானாலும் இதே விதிதான். உங்கள் மகனுக்கு நோம் பென்னில் இருக்கும்போது 13 ஆகும். 13 முதல் பதினாறரை வயதுவரை, இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தங்குவதற்குப் பொதுவாகப் பிணைத்தொகை கேட்பார்கள்: 75,000 வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் முந்திய ஆண்டு மொத்த வருமானத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அது. ‘முந்திய ஆண்டு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் இருவரும் முழுச் சம்பளம் வாங்கிய ஆண்டாக அது இருந்தால், மிஷனரி உதவித்தொகையில் வாழும்போது அந்தப் பழைய சம்பளத்தை வைத்துக் கணக்கு வரும். அதனால் புறப்படும் முன்பே, தேசிய சேவைப் பதிவுகளைக் கவனிக்கும் சிஎம்பிபிக்கு எழுதுங்கள். அனுப்பும் அமைப்பின் பணி நியமனக் கடிதம், எத்தனை ஆண்டு, யார் யார் கூடப் போகிறீர்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் சேர்த்து, உங்கள் நிலைக்கு என்ன நடைமுறை என்று எழுத்தில் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அனுமதி இல்லாமல் தங்கினால் குற்றம் பையன் பெயரில்தான் விழும்: 10,000 வெள்ளிவரை அபராதம், மூன்று ஆண்டுவரை சிறை. பதினாறரை வயதில் தேசிய சேவைப் பதிவுக்கு அழைப்பு வரும். முதல் ஊழியத் தவணை முடிந்து ஊர் திரும்பும் காலத்தை அதையொட்டி வைத்துக்கொள்ளுங்கள். கணவர் அதிகாரித் தரத்தில் இருந்தால் அவருடைய கடமையும் 50 வயதுவரை உண்டு, மற்றவர்களுக்கு 40.

இனிப் பணம். இதை வெளிப்படையாகப் பேசச் சபையில் கூசுவார்கள். கூசாமல் பேசுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. மாதம் 6,000 வெள்ளி தேவை என்று வைத்துக்கொள்வோம். சபை பாதியை ஏற்கிறது. மீதி 3,000 வெள்ளியை 50 வெள்ளி வீதம் கொடுக்க 60 பேர் வேண்டும். நம் தமிழ்ச் சபைகள் சிறியவை. 60 தாங்குநர் என்றால் ஒரே சபையில் கிடைக்கமாட்டார்கள். மூன்று நான்கு சபைகளுக்குப் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு போதகரிடமும் ஒரு ஞாயிறு கேட்டு வாங்கவே மாதங்கள் ஓடிவிடும். ஜூன் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாக்குக் கொடுத்தவர்களில் சிலர் வேலை மாறுவார்கள், சிலர் மறப்பார்கள், சிலர் இறப்பார்கள். ஆகவே தேவையைவிட ஏழில் ஒரு பங்காவது கூடுதலாக வாக்கு வாங்குங்கள். கம்போடியாவில் வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவமனை எல்லாம் அமெரிக்க டாலரில் நடக்கும். காணிக்கை வருவதோ சிங்கப்பூர் வெள்ளியில். மாற்று விகிதம் சற்று இறங்கினாலும் மாதக் கடைசியில் துண்டு விழும். ஆறு மாதச் செலவைத் தனிக் கணக்கில் சிங்கப்பூரிலேயே வைத்து, நான்கு பேருக்கும் திரும்பி வரும் விமானச் செலவை அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

பட்ஜெட்டில் எழுத மறந்துபோகும் வரிகள் இவை: மொழிப்பள்ளிக் கட்டணம், விசாப் புதுப்பிப்பு, வேலை அனுமதி, அமைப்பு பிடித்துக்கொள்ளும் நிர்வாகப் பங்கு, அம்மாவுக்கு மாதந்தோறும் கொடுப்பது, சிங்கப்பூரில் தொடரும் காப்புறுதிச் சந்தாக்கள், கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதி.

சேம நிதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பணியில் அமர்த்தப்பட்டவருக்கு முதலாளி சேம நிதி செலுத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் வீட்டுக் கடன் தவணை சேம நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துகொண்டிருக்கும். பணம் உள்ளே வருவது நின்ற பிறகும் கழிவது நிற்காது. இருப்பு தீரும்வரை யாருக்கும் தெரியாது. தீர்ந்ததும் நிலுவைக் கடிதம் ஈசூன் முகவரிக்கு வரும், அங்கே வாடகைக்காரர் இருப்பார். இன்றைய இருப்பை மாதத் தவணையால் வகுத்துப் பாருங்கள், எத்தனை மாதம் தாங்கும் என்று தெரிந்துவிடும். அதன்பின் ரொக்கமாகக் கட்டப் போகிறீர்களா, விருப்பச் சந்தாவாகச் சேம நிதியில் போடப் போகிறீர்களா என்பதை இப்போதே பட்ஜெட்டில் எழுதுங்கள். உங்கள் முதுமைக்கும் அதுதான் ஆதாரம். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பது விசுவாசம்தான். ஆனால் 65 வயதில் பிள்ளைகள் தலையில் பாரத்தை இறக்கி வைப்பதை யாரும் விசுவாசம் என்று சொல்லமாட்டார்கள்.

நிதி திரட்டுவதில் ஒரு சட்டக் கட்டுப்பாடும் இருக்கிறது. வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி கேட்க அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். முகநூலில் வங்கி எண்ணைப் போட்டு, கம்போடியக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று எழுதாதீர்கள். காணிக்கை சபை வழியாகவோ அமைப்பு வழியாகவோ வரட்டும். உங்கள் சொந்தக் கணக்குக்கு வரவேண்டாம். சபைக்குக் கொடுக்கும் காணிக்கைக்குப் பொதுவாக வரிக் கழிவு கிடைக்காது என்பதையும் தாங்குநர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீடு விஷயத்தில் உங்கள் நிலை ஒரு விதத்தில் நல்லது: ஐந்து ஆண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்துவிட்டது, நீங்கள் குடிமக்கள். முழு வீட்டையும் வாடகைக்கு விட வீவக அனுமதி கிடைக்கும். நிரந்தரவாசி உரிமையாளருக்கு அந்த வழி இல்லை. ஆனால் அம்மா அங்கேயே இருக்கட்டும், இரண்டு அறையை மட்டும் வாடகைக்கு விடலாம் என்று நினைத்திருந்தால் நடக்காது. அறை வாடகைக்கு விடும் உரிமையாளர் தாமும் அதே வீட்டில் குடியிருந்தாக வேண்டும். எனவே இரண்டே வழி: அம்மா வாடகை வருமானம் இல்லாமல் அந்த வீட்டில் இருப்பது, அல்லது அவர் உங்கள் கணவரின் தம்பி வீட்டுக்கோ தங்கை வீட்டுக்கோ போய், முழு வீட்டையும் விடுவது. இதை அம்மாவிடம் கடைசியில் போய்ச் சொல்லாதீர்கள். அண்ணன் தம்பி எல்லாரும் உட்கார்ந்து, யார் பாலிகிளினிக் கூட்டிப் போவது, யார் மருந்துச் செலவைப் பார்ப்பது, விழுந்துவிட்டால் முதலில் யாரைக் கூப்பிடுவது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சொந்தத்துக்குள் எழுத்தா என்று சங்கடப்படுவார்கள். மூன்றாம் ஆண்டில் அதே தாள் உறவைக் காப்பாற்றும்.

வாடகைக்கு விட்டால் வீட்டு வரி சொந்தக் குடியிருப்புக்கான விகிதத்திலிருந்து உயரும். வாடகை வருமானத்தை ஆண்டுதோறும் வருமான வரியில் காட்ட வேண்டும். வாடகைக்காரரின் வேலை அனுமதியைச் சரிபார்ப்பதும், அவர் உள்வாடகைக்கு விடுகிறாரா என்று போய்ப் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. இதையெல்லாம் செய்ய நம்பிக்கையான ஒருவருக்கு வழக்கறிஞர் மூலம் பவர் ஆஃப் அட்டர்னி கொடுங்கள். அம்மாவுக்கு வேண்டியது வேறு பத்திரம்: அவருக்கு மனத் தெளிவு குறைந்தால் முடிவெடுக்க யாருக்கு அதிகாரம் என்று சொல்லும் நீடித்த அதிகாரப் பத்திரம். தெளிவாக இருக்கும்போதுதான் அதைச் செய்ய முடியும். நீங்கள் இருவரும் உயில் எழுதி, இருவருக்கும் ஏதாவது ஆனால் பிள்ளைகளுக்கு யார் காப்பாளர் என்று பெயர் குறிப்பிடுங்கள். சேம நிதிப் பணம் உயிலில் அடங்காது. அது யாருக்குப் போக வேண்டும் என்று பெயர் கொடுக்கும் நியமனம் தனி. திருமணத்துக்கு முன் செய்த நியமனம் திருமணத்தோடு செல்லாமல் போயிருக்கும், சரிபாருங்கள்.

அனுப்பும் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, உங்கள் போதகர் அதில் வழிகாட்டுவார். இந்த ஊரில் தெரிவுக்குக் குறைவில்லை. 1865இல் ஹட்சன் டெய்லர் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷன் சீனாவை விட்டு வெளியேறிய பிறகு, 1951இல் தலைமையகத்தை அமைத்ததே சிங்கப்பூரில்தான். இன்று அது ஓஎம்எஃப். மெதடிஸ்ட் சபைக்குச் சொந்தமாக மிஷன் சங்கம் உண்டு. கம்போடியா அதன் களங்களில் ஒன்று. எந்த அமைப்பானாலும் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: களத்தில் சண்டையோ பிணக்கோ வந்தால் யார் தீர்ப்பது? நள்ளிரவில் பிள்ளைக்கு நோய் என்றால் யாருடைய எண்ணை அழைப்பது?

கம்போடியாவின் சட்டம் உங்கள் ஊழியத்தின் வடிவத்தையே தீர்மானிக்கும். அங்கே பௌத்தம் அரசு மதம். கிறிஸ்தவ ஊழியத்துக்கு இடம் உண்டு. ஆனால் சமய விவகார அமைச்சில் பதிவு வேண்டும். வீடு வீடாகச் சென்று பிரசங்கிப்பதை அமைச்சு 2007இல் தடை செய்தது. சபைக்கு வெளியே துண்டுப் பிரசுரம் கொடுக்கக் கூடாது. பணமோ பொருளோ கொடுத்து மதம் மாற்றவும் கூடாது. சிங்கப்பூரிலிருந்து வரும் குறுகிய காலக் குழுக்கள் அரிசிப் பையும் சுவிசேஷப் பிரதியும் ஒன்றாகக் கொடுக்க ஆசைப்படும். அவர்களைத் தடுக்க வேண்டியவர் நீங்கள். உதவியை உதவியாகக் கொடுங்கள். வசனத்தை வேறொரு நாளில், கேட்கிறவருக்குச் சொல்லுங்கள். ஜெபக் கடிதத்திலும் அதே கவனம் வேண்டும். விக்கிரகம், இருள், பேய் என்று அண்டை வீட்டுக்காரரின் வழிபாட்டை இழிவாக எழுதினால் அதை அங்கேயும் வாசிப்பார்கள், இங்கேயும் வாசிப்பார்கள். சிங்கப்பூரில் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நேசிக்கப் போகிற மக்களைப் பற்றி அப்படி எழுத மனம் வரக் கூடாது.

விசாவில் ஒரு பொதுவான தவறு: ஆசியான் கடப்பிதழுக்கு விசா வேண்டாம் என்று அப்படியே இறங்கிவிடுவது. அந்த விலக்கு குறுகிய வருகைக்கானது. நீண்ட காலம் தங்குகிறவர் இ வகை விசாவில் நுழைந்து, பிறகு அதை வேலைக்கான வகையில் ஓராண்டு நீட்டிப்பாக மாற்றி, வேலை அனுமதியும் எடுக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் கடப்பிதழ் ஐந்து ஆண்டுதான் செல்லும் என்பதால் இப்போதே காலாவதித் தேதியைப் பாருங்கள். திருமணச் சான்று, பிறப்புச் சான்று, பட்டம் எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்பார்களா என்று அமைப்பிடம் கேட்டுப் பட்டியல் வாங்குங்கள். ஆவணம் மெய்யானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அப்போஸ்டீல் முத்திரையைச் சிங்கப்பூரில் தருவது சட்டக் கழகம் (Singapore Academy of Law). பிள்ளைகளோடு பழகும் பணி என்றால் காவல்துறை நற்சான்றும் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும் முன், கேட்கும் தரப்பின் கடிதத்தை வாங்கி வையுங்கள்.

தடுப்பூசி. பயண மருத்துவரிடம் புறப்படுவதற்கு எட்டு மாதம் முன்பே போங்கள். டான் டோக் செங் மருத்துவமனையில் பயணிகளுக்கான தனி மருந்தகம் இருக்கிறது. கடைசி மாதம் போகிறவர்கள் பாதித் தவணையோடு விமானம் ஏறுகிறார்கள். ஹெப்படைடிஸ் ஏ இரண்டு தவணை, ஆறு மாத இடைவெளி. ஹெப்படைடிஸ் பி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம், ஆறு மாதம். பிள்ளைகள் பிறந்ததும் போட்டிருப்பார்கள், ஆனால் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் அது வழக்கமானது 1987இல்தான். நீங்கள் இருவரும் அதற்கு முன் பிறந்தவர்கள், இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தியைப் பாருங்கள். டைஃபாய்டு ஊசி ஏறத்தாழ மூன்று ஆண்டுதான் காக்கும், அதனால் புறப்படுவதற்குச் சற்று முன்பு போடுங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் சேரட்டும், கம்போடியாவில் அந்த நோய் உண்டு. வடகிழக்குக் காட்டு மாகாணங்களில் பணி என்றால் மலேரியாவும் உண்டு. மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரிமாகுயின் மருந்து, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவருக்கு ஆபத்து. பிள்ளைகளுக்கு இங்கே பிறந்தபோதே அந்தச் சோதனை செய்திருப்பார்கள். உங்களுக்கும் செய்து, நால்வர் முடிவையும் ஒரே தாளில் வையுங்கள்.

எல்லாவற்றிலும் நான் வற்புறுத்துவது ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி. சிங்கப்பூரில் 1953இலிருந்து அந்த நோய் இல்லை. அதனால் நம் பிள்ளைகளுக்கு நாயைக் கண்டால் பயமே கிடையாது, கையை நீட்டிவிடுவார்கள். முன்கூட்டிய ஊசி முதல் நாளும் ஏழாம் நாளும். சில மருத்துவர்கள் 21 அல்லது 28ஆம் நாளில் மூன்றாவதும் போடுவார்கள். அதைப் போட்டிருந்தால், கடிபட்ட பிறகு இரண்டு ஊசி, முதல் நாளும் மூன்று நாள் கழித்தும், போதும். போடாமல் கடிபட்டால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் ஊசியும் வேண்டும். அது நகரத்துக்கு வெளியே எளிதில் கிடைக்காது. கடித்த உடன் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மூன்று நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பிறகு நோம் பென்னில் இருக்கும் பாஸ்ச்சர் மருத்துவ ஆய்வு நிலையத்துக்குப் (Institut Pasteur) போங்கள். சின்னக் கீறலையும் உங்களிடம் மறைக்கக் கூடாது என்று மகளிடம் பலமுறை சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயந்த பிள்ளைதான் மறைக்கும்.

சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் சந்தா தொடரும். அது சிங்கப்பூரில் எடுக்கும் சிகிச்சைக்கு மட்டும். அங்கே தனியாக, பேங்காக்குக்கோ சிங்கப்பூருக்கோ விமானத்தில் ஏற்றிவரும் செலவையும் ஏற்கும் காப்புறுதி வேண்டும். 2025இல் தாய்லாந்துடனான மோதலில் எல்லைச் சாவடிகள் மூடப்பட்டன. அதனால் தரைவழியாக பேங்காக் போய்விடலாம் என்ற பழைய திட்டத்தை நம்பாதீர்கள். வெளியுறவு அமைச்சின் இணையப் பதிவில் நால்வர் பெயரையும் சேருங்கள்.

பள்ளி: நோம் பென்னில் ஹோப் என்ற கிறிஸ்தவ அனைத்துலகப் பள்ளி மிஷனரிப் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. பினாங்கின் டாலட் பள்ளியில் விடுதி உண்டு. அது அமெரிக்கப் பாடத்திட்டம். 12 வயதில் விடுதி வேண்டாம் என்பேன். தமிழ்தான் சத்தமில்லாமல் நழுவும். நீண்ட நாள் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பிள்ளைக்குத் தாய்மொழியில் விலக்கு கேட்கலாம், ஆனால் அதை நம்பி இப்போதே கைவிடாதீர்கள். தினமும் இரவு குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளே தமிழ் வேதாகமத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். அது எழுத்துக் கூட்டும் பழக்கத்தைக் காக்கும். ஆனால் அந்த நடை பள்ளித் தமிழ் அல்ல, ஆகவே மாணவர் முரசு போன்ற இன்றைய எழுத்தும் வாரம் ஒருமுறை வேண்டும்.

நீங்கள் இருவரும் முதல் ஆண்டு முழுக்கக் கெமர் மொழிக்கே கொடுங்கள். வேறு எந்தப் பொறுப்பையும் ஏற்காதீர்கள், சபை கேட்டாலும் சரி. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வந்தது. க வரிசை, ச வரிசை, ட, த, ப என்ற நெடுங்கணக்கு ஒழுங்கு உங்களுக்குப் பழகியது. தாய்லாந்து மொழியில் இருப்பது போன்ற தொனி அதில் இல்லை. சிரமம் உயிர்க்குறியில்: மெய்யெழுத்துகள் இரண்டு வகை, ஒரே உயிர்க்குறி எந்த வகையோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து வேறு ஒலி தரும். முதல் மூன்று மாதத்தில் அதை அவசரப்பட்டுத் தாண்டியவர்கள் பின்னால் வாசிக்கவே திணறுவார்கள்.

சாமான் குறைவாக எடுங்கள். மாவு கிரைண்டர் எடுத்துப் போகலாம், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கும், ஸ்டெபிலைசர் இல்லாமல் போட்டால் மோட்டார் கருகும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி கொடுத்து, அதில் என்ன வைப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும், பாதி இடம் பொம்மைக்கே போனாலும் சரி.

இறுதியாகக் கைப்பேசி. வரித் துறையும் வீவகவும், பல வேளைகளில் வங்கியும், அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாகத்தான் பேசும். சிங்கப்பூர் எண்களை ரத்து செய்யாமல், வெளிநாட்டில் குறுஞ்செய்தி வாங்கும் மிகக் குறைந்த திட்டத்துக்கு மாற்றுங்கள். வங்கியின் மின்னிலக்க டோக்கன் ஒரே கைப்பேசியில் உட்கார்ந்திருக்கும். அது திருடுபோனால் வெளிநாட்டிலிருந்து எப்படி மீட்பது என்று ஒவ்வொரு வங்கியிலும் முன்பே கேட்டு, அஞ்சலில் ஏதாவது அனுப்புவார்கள் என்றால் முகவரியை ஈசூனிலிருந்து தம்பி வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். இதைப் புறப்படும் வாரத்துக்கு விடவேண்டாம், குறைந்தது இரண்டு மாதம் முன்பே செய்து, ஒரு கடிதமாவது புதிய முகவரிக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.